ஹில்கேயின் கொட்டகையில் பழைய ஆயிலுக்கு இடமில்லை

ஹில்கே யான்சன் என்கிற பெண்மணி போன மார்ச் வரைக்கும் ஒரு மலையைக்கூடப் பார்த்ததில்லை. வயது அறுபத்து மூன்று. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நடுவில் ஆயில், என்ஜின் என்று நான் எங்கே இழுத்துக்கொண்டு போனாலும் இது அந்த மலையைப் பற்றிய கதைதான்.

எங்கள் ஊர், ஜெர்மனியின் வடமேற்கு மூலையில் கடலை ஒட்டிக் கிடக்கிறது. நிலம் தோசைக்கல் மாதிரி இருக்கும். இருப்பதிலேயே உயரமான இடம் கடல் உள்ளே வராமல் கட்டிய அணைதான், அதன்மேல் ஆடுகள் மேயும். ஹில்கே நாற்பது வருஷம் இங்கே மாடு வைத்திருந்தார். காலை ஐந்து மணிக்குக் கறக்க வேண்டும், மாலை ஐந்து மணிக்கும் கறக்க வேண்டும். மாட்டுக்கு ஞாயிறு தெரியாது, கிறிஸ்துமஸ் தெரியாது. "ஏன் கல்யாணமே பண்ணிக்கலை?" என்று யாராவது கேட்டால், "அதுக்கு ஒரு நாள் லீவு வேணுமே" என்பார்.

அவருடைய தம்பி ரீம்ட், இளவயதிலேயே ஆஸ்திரியாவுக்குப் போய் மலைமேல் கம்பியால் இழுக்கிற ரயிலை ஓட்டுகிறவராகிவிட்டார். வருஷா வருஷம் கூப்பிடுவார். வருஷா வருஷம் இவர் மாட்டைச் சொல்வார். கடைசியில் ரீம்ட்டே ரயிலேறி வந்து, சமையலறையில் உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்.

முழங்கையில் வலி வந்தபோது ஹில்கே மாடுகளை விற்றார். கொட்டகை காலியானது. அந்த அக்டோபரில் ஒருவர் வந்து, தன் வீட்டுவண்டியைக் குளிர்காலம் முழுக்க இங்கே நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டார். உள்ளே கட்டில், அடுப்பு, கழிப்பறை எல்லாம் வைத்து, வீட்டையே ஓட்டிக்கொண்டு போகிற வண்டி. சரி என்றார். அடுத்த வருஷம் நான்கு வண்டி. இப்போது மாடுகள் நின்ற இடம் முழுக்க வீட்டுவண்டிகள்தான் நிற்கின்றன, ஒன்றோடொன்று கண்ணாடி உரசுகிற நெருக்கத்தில். நான் அந்தக் கொட்டகையின் பக்கத்தில், பழைய பால் அறைக்கு மேலே குடியிருக்கிறேன். என்னுடைய குட்டி வேனும் அங்கேதான் தூங்குகிறது. வீட்டுவண்டி என்றால் எனக்குப் பைத்தியம். அதனால் கொஞ்சம் கூடுதலாக எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்!

அக்டோபர் கடைசி சனிக்கிழமை எங்களுக்குத் திருவிழா. இங்கே பாதிப் பேருடைய வண்டியின் நம்பர் பிளேட் ஓரத்தில் மேலே 04, கீழே 10 என்று இருக்கும். ஏப்ரல் முதல் அக்டோபர் வரை மட்டும் வரி, காப்பீடு. மற்ற மாதங்களில் சாலையில் ஓட்டவும் கூடாது, நிறுத்தவும் கூடாது. அதனால் எல்லோரும் ஒரே நாளில் வந்து சேர்வார்கள். வசந்தத்தில் முதலில் கிளம்புகிறவர் வண்டி கதவோரம். கடைசியில் கிளம்புகிறவர் வண்டி சுவரோரம். உள்ளே போனால் போனதுதான், நடுவில் எடுக்க முடியாது.

வாசலில் ரப்பர் பூட்ஸோடு ஹில்கே நிற்பார். ஒவ்வொரு வண்டியிடமும் ஒரே கேள்வி.

"ஆயில்?"

"மாத்தியாச்சு."

"போ உள்ளே."

எந்த ரசீதும் கேட்க மாட்டார். எங்கள் ஊர்க்காரர்கள் பொய் சொல்வதைவிட வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்கள். போன அக்டோபரில் இம்கேவின் முறை வந்தது. இம்கே, ஓய்வுபெற்ற மருந்துக்கடைக்காரர். கூடவே விவாதப் பிரியர்.

"ஹில்கே, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு. இந்த வருஷம் டென்மார்க் வரைக்கும் போயிட்டு வந்தேன், அவ்வளவுதான். வண்டியோட புஸ்தகத்துல பதினஞ்சாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு தடவைன்னு போட்டிருக்கு."

"அதுக்குப் பக்கத்துல என்ன போட்டிருக்கு?"

இம்கே தொண்டையைச் செருமினார். "இல்லேன்னா வருஷத்துக்கு ஒரு தடவைன்னு."

"ரெண்டுல எது முதல்ல வருதோ அது."

"சரிப்பா, மாத்துறேன். ஏப்ரல்ல, கிளம்புறதுக்கு முந்தின நாள் மாத்துறேன். புது ஆயில், புதுப் பயணம். அதுதானே நியாயம்?"

"கோடை பூரா ஓடின ஆயில்ல கரி இருக்கு, எரியாத டீசல் இருக்கு, தண்ணி இருக்கு. எல்லாம் சேர்ந்து புளிச்சுப் போய்க் கிடக்கு. அதை அஞ்சு மாசம் இரும்பு மேல ஊறப் போடுவியா? சாப்பிட்ட தட்டை அக்டோபர்ல வெச்சுட்டு ஏப்ரல்ல கழுவுவியா நீ?"

பின்னால் வரிசையில் நின்ற வியார்ட், ஆடு வளர்க்கிறவர், ஜன்னலை இறக்கிக் கத்தினார். "அவ வீட்டுல போய்ப் பாரு, அப்படித்தான் கிடக்கும்!"

"நீ முதல்ல உன் வாயைக் கழுவு வியார்ட்!" என்று சொல்லி இம்கே வண்டியைத் திருப்பினார். மாலையில் ஆயில் மாற்றிக்கொண்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்து நிறுத்தினார். குளிர்காலம் வரும் முன் மாற்றினால் சுத்தமான ஆயிலில் என்ஜின் தூங்கும், வசந்தத்தில் அப்படியே கிளம்பலாம். ஹில்கேயின் சட்டம் அவ்வளவுதான்.

நவம்பரில் ஃபோல்கர்ட் வந்தார். தூர்வாரும் கப்பலில் வேலை பார்த்த பெரியவர். எப்போதும் முதலில் கிளம்புகிறவர் என்பதால் அவருடைய பழைய வண்டி, ஆரஞ்சுக் கோடு போட்டது, கதவோரம் நின்றது.

"ஹில்கே, என் முட்டி இனிமே இந்தப் படி ஏறாது. விக்கப் போறேன்."

"யாருக்கு?"

"உனக்கு."

"எனக்கா? நான் எங்கே போறதாம்?"

"அது உன் பாடு. இந்தக் கொட்டகையில வண்டி இல்லாத ஆள் நீ ஒருத்திதான். பார்க்க நல்லாவா இருக்கு?"

அவர் வாங்கிவிட்டார்! எனக்கு நம்பவே முடியவில்லை. வண்டி நின்ற இடத்தைவிட்டு ஒரு அடிகூட நகரவில்லை, ஆள் மட்டும் மாறிவிட்டது. ஆயில் ஃபோல்கர்ட் அக்டோபரிலேயே மாற்றியிருந்தார், சட்டப்படி.

அதே வாரம் ரீம்ட்டுக்கு இடுப்பெலும்பு அறுவைச் சிகிச்சை நடந்தது. இனி வடக்கே ரயிலேறி வர முடியாது. ஏப்ரல் மூன்றாம் தேதி அவருக்கு அறுபது வயது. தொலைபேசியில் ஹில்கே ஸ்பீக்கரில் போட்டுப் பேசுவார், கை எப்போதும் வேறு வேலையில் இருக்கும். அதனால் நானும் கேட்டேன்.

"ஒண்ணாம் தேதி காலையில கிளம்புறேன்டா. ரெண்டு நாள்ல வந்துடுவேன்."

"அக்கா, நீயா? நீ பார்த்த பெரிய மலை அந்தக் கடலணைதானே."

"வரேன்னா வரேன்."

"நாப்பது வருஷமா வரே."

"இப்பத்தான் மாடு இல்லையே."

"மாடு இல்லாட்டி என்ன, வேற ஏதாவது வரும் பாரு" என்றார் ரீம்ட். சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனால் ஹில்கே தேநீர்க் கோப்பைக்குள் கரண்டியைப் போட்டுவிட்டார். எங்கள் ஊரில் அப்படிப் போட்டால் போதும் என்று அர்த்தம், தேநீரும் சரி, பேச்சும் சரி.

குளிர்காலம் வந்தது. ஞாயிறு காலைகளில் என் படுக்கைக்குக் கீழே ஒரு டீசல் என்ஜின் இருமும். எட்டிப் பார்த்தால், கொட்டகைக் கதவைத் திறந்து வைத்து, ஓட்டுநர் இருக்கையில் ஹில்கே உட்கார்ந்திருப்பார், கம்பளித் தொப்பியோடு. வண்டி நின்ற இடத்திலேயே உறுமும். பத்து நிமிஷம் ஓடும். அப்புறம் அணைத்துவிட்டு, முன்பக்கத்தை இரண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவார், மாட்டின் முதுகைத் தட்டுகிற மாதிரி.

"எதுக்கு இது?" என்று ஒருமுறை கேட்டேன்.

"கொட்டில்ல கட்டின மாட்டை அஞ்சு மாசம் எட்டிப் பார்க்காம விடுவியா? செத்துப் போகும். இதுவும் உயிர்தான்."

எனக்கு அது அவ்வளவு பிடித்திருந்தது! ஒரு ஞாயிறுகூடத் தவறவில்லை. பனி கொட்டினாலும் போனார். மற்ற வண்டிகள் எல்லாம் யாரும் தொடாமல் இருட்டில் தூங்கின. இவருடையது மட்டும் வாரம் தவறாமல் கவனிக்கப்பட்டது.

மார்ச் பாதியில், எலி ஏதாவது கூடு கட்டியிருக்கிறதா என்று பார்க்க முன்மூடியைத் திறந்தவர், கூடவே ஆயில் ஊற்றுகிற மூடியையும் திருகிப் பார்த்திருக்கிறார். நான் போனபோது அந்த மூடியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். மூடியின் உட்புறம் முழுக்க, வெண்ணெய் கடையும்போது பாத்திர விளிம்பில் ஒட்டுமே, அந்த மாதிரி மஞ்சளும் வெள்ளையுமாகக் குழகுழவென்று ஏதோ அப்பியிருந்தது.

"என்ன இது?"

"ஆயில்ல தண்ணி கலந்துடுச்சு. என் ட்ராக்டர்ல ஒரு தடவை இப்படித்தான் வந்தது. தண்ணியையும் ஆயிலையும் பிரிச்சு வெக்கிற ஹெட் கேஸ்கெட் போச்சு. என்ஜினைப் பிரிக்கணும்."

"பிரிச்சுடலாமே."

"ஈஸ்டர் வரைக்கும் எந்த ஒர்க்‌ஷாப்லயும் இடம் இருக்காது." மூடியை அமைதியாகத் துணியில் சுற்றினார். "ரீம்ட்கிட்ட சொல்லிடறேன். வண்டியை வித்துடலாம். யார்கிட்டயும் சொல்லாதே. வாசல்ல நின்னு ஊரையே ஆயில் கேட்டவ நான்."

அவமானம் இருந்தது, சரி. ஆனால் அந்த முகத்தில் இன்னொன்றும் இருந்தது. நிம்மதி! பாரம் இறங்கியவர் மாதிரி தோள் இறங்கியிருந்தது. ரீம்ட் சொன்ன அந்த வேற ஏதோ வந்துவிட்டது, இவரும் அதைக் கதவு திறந்து வரவேற்கிறார்.

நான் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு எலி பார்க்க இம்கேவும் வந்திருந்தார், எங்கள் பின்னாலேயே நின்றிருந்தார்.

"காட்டு அந்த மூடியை."

"உனக்கு எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

இம்கே மூடியை மோந்து பார்த்தார். ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவினார். துடைத்தார், மறுபடி விட்டு எடுத்தார். அதில் நுரையும் இல்லை, குழம்பும் இல்லை, வெறும் ஆயில். பிறகு ரேடியேட்டர் தண்ணீர் இருக்கும் டப்பாவைத் திறந்து டார்ச் அடித்தார்.

"தண்ணி குறைஞ்சிருக்கா?"

ஹில்கே குனிந்து பார்த்தார். "இல்ல. ஃபோல்கர்ட் போட்ட கோட்டுலயே நிக்குது."

"அதுல ஆயில் மிதக்குதா?"

"இல்ல."

"கேஸ்கெட் போயிருந்தா தண்ணி குறையணும்ல? குறையாம ஆயிலுக்குள்ள எப்படிப் போகும், ஆகாயத்துலேர்ந்தா?" இம்கே நிமிர்ந்தார். "குளிர்காலத்துல எத்தனை தடவை ஸ்டார்ட் பண்ணினே?"

"ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை."

"எவ்வளவு நேரம்?"

"பத்து நிமிஷம். ஒரு மாடு கறக்குற நேரம்."

"ஓட்டினியா?"

"எப்படி ஓட்டுவேன்? பிளேட்ல நாலுன்னு போட்டிருக்கே."

இம்கே கண்ணை மூடிக்கொண்டார். சிரிப்பை அடக்குகிறார் என்று தெரிந்தது. "அடி ஹில்கே! ஜில்லுனு கிடக்குற என்ஜினுக்குள்ள பத்து நிமிஷம் நெருப்பு வெச்சா, எரியும்போது ஆவி வரும். அந்த ஆவி வெளியே போறதுக்கு ஆயில் நல்லாச் சூடாகணும். சூடாகுறதுக்குள்ள நீ அணைச்சுடறே. உள்ளேயே வேர்த்து நின்னுடும். ஜன்னலைச் சாத்திட்டு உருளைக்கிழங்கு வேகவெச்சா கண்ணாடி என்ன ஆகும்?"

"வேர்க்கும்."

"அதை வாராவாரம் பண்ணியிருக்கே. சும்மா விட்டிருந்தா ஃபோல்கர்ட் ஊத்தின ஆயில் இன்னும் புதுசா இருந்திருக்கும். இந்தக் கொட்டகையிலேயே கெட்டுப்போன ஆயில் உன் ஒருத்தி வண்டியிலதான்!"

"உனக்கு எப்படித் தெரியும்?"

"என் வீட்டுக்காரர் தினம் கார் எடுத்துட்டு ரொட்டி வாங்கப் போவாரு. ரொட்டிக்கடை எங்க வீட்டுக்கு ரெண்டு தெரு தள்ளி. இதே வெண்ணெய்தான். நானும் என்ஜின் போச்சுன்னு அழுதேன்."

"இப்ப என்ன பண்றது?"

"நல்லா ஓட்டிச் சூடு பண்ணு. சூட்டோட சூடா ஆயிலை இறக்கிட்டுப் புதுசு ஊத்து. ஃபில்டரும் மாத்து. முடிஞ்சுது."

நான் குதித்தேவிட்டேன். ஹில்கே குதிக்கவில்லை. துணியால் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தார், சுத்தமான கையை.

"எதுக்கு இம்கே இவ்வளவு பாடு? வித்துடலாம்னு முடிவு பண்ணியாச்சு."

"நல்ல சாக்குக் கிடைச்சுதுன்னு சந்தோஷமா இருந்தே. நான் வந்து கெடுத்துட்டேன். அதானே?"

ஹில்கே துணியை மடித்து வைத்தார்.

"பயமா இருக்கு."

"வண்டி ஓட்டவா? ட்ராக்டரே ஓட்டினவ நீ."

"அதில்ல. போய்ப் பார்த்து, எனக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போயிட்டா?" என்றார் ஹில்கே. "இத்தனை வருஷத்தை என்ன பண்றது?"

இதை எழுதும்போதுகூடக் கண் கலங்குகிறது. மலை எப்படி இருக்குமோ என்று பயப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேனே!

இம்கே மூடியை அவர் கையில் வைத்தார். "பிடிக்காமலும் போகலாம்ல. ரீம்ட் அங்கே என்ன சமைக்கிறானோ."

ஹில்கேயின் உதடு ஓரத்தில் லேசாகச் சிரிப்பு வந்தது. "அவனுக்குத் தேநீரே போட வராது" என்றார். சாவியை எடுக்கப் போனார்.

ஆனால் எங்கே ஓட்டுவது? மார்ச் மாதம், பிளேட்டில் 04. சாலைக்கு வரக் கூடாது. கொட்டகையிலிருந்து கடலணை வரைக்கும் வயல் நடுவே ஒரு கான்கிரீட் தடம் போகிறது, முன்பு மாடுகளை ஓட்டிப் போன வழி. அது ஹில்கேயின் சொந்த நிலம். அங்கே எந்த மாதத்திலும் ஓட்டலாம்.

ஆரஞ்சுக் கோடு வண்டி ஹில்கே கையில் முதல் தடவையாக வெளிச்சத்துக்கு வந்தது. அணை வரை போகும், அங்கே அகலமான இடத்தில் திரும்பும், கொட்டகை வரை வரும், மறுபடி போகும். முதல் சுற்றில் நடக்கிற வேகம். முன்னால் போன வாத்துகூட ஒதுங்கவில்லை. இம்கே ரகசியம் காப்பாரா என்ன? நான்காவது சுற்றுக்குள் பாதி ஊர் வேலியோரம் நின்றது, குடுவையில் தேநீரோடு.

"ஹில்கே, டிக்கெட் எங்கே வாங்கணும்?" என்று கத்தினார் வியார்ட்.

"உன் ஆட்டைப் பிடிடா முதல்ல, குறுக்கே வருது!"

"இறங்கிடாதே, ஆஸ்திரியா இன்னும் வரலை!"

"கழுவாத தட்டு எப்படி இருக்கு ஹில்கே?" இது இம்கே. அக்டோபரிலிருந்து வைத்திருந்தது.

ஃபோல்கர்ட் கைத்தடியை ஊன்றி நின்று பார்த்தார். தன் பழைய வண்டி பக்கத்தில் வரும்போதெல்லாம் தொப்பியைத் தொட்டார்.

சூடு காட்டும் முள் நடுவுக்கு வந்தது. "முள் காட்டுறது தண்ணியோட சூடு. ஆயில் சூடாக இன்னும் நேரமாகும், நிறுத்தாதே!" என்று இம்கே விரட்டினார். இரண்டாவது கியர், மூன்றாவது கியர். போகப் போக அணைப்பக்கம் திரும்புகிற இடத்தில் ஹில்கே வேகத்தைக் குறைக்கவே மறந்தார். ஜன்னல் இறங்கியிருந்தது. கம்பளித் தொப்பி எங்கோ போயிருந்தது. போதும் போதும் என்று நாங்கள் கை காட்டியபோதும் இன்னும் இரண்டு சுற்றுப் போனார். அவை ஆயிலுக்காக இல்லை என்று நான் அடித்துச் சொல்வேன்.

சூடு ஆறுவதற்குள் வண்டிக்கடியில் நுழைந்து ஆயில் இறக்குகிற மரையைக் கழற்றினோம். சூட்டில் இளகிய ஆயில் சரசரவென்று இறங்கியது. பழைய ஃபில்டர் போனது, புதியது வந்தது. மறுநாளும் அதே தடத்தில் நீளமாக ஓட்டிவிட்டு மூடியைத் திறந்தால் உள்ளே சுத்தமாக, எண்ணெய்ப் பளபளப்போடு இருந்தது. ரேடியேட்டர் தண்ணீர் அதே கோட்டில் நின்றது. அதற்குப் பிறகு வந்த ஞாயிறு காலை என் படுக்கைக்குக் கீழே எந்தச் சத்தமும் இல்லை. ஹில்கே வண்டியைத் தொடவே இல்லை. அடுக்களையில் இருந்து வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தார், பாவம்.

ஏப்ரல் ஒன்றாம் தேதி காலை கிளம்பினார். கொட்டகைச் சாவியை என்னிடம் கொடுத்தார், பூனைக்கு எவ்வளவு வைக்க வேண்டும் என்று சொன்னார், சாலையில் ஏறி இடதுபக்கம் திரும்பிப் போய்விட்டார். அவ்வளவுதான்.

மறுநாள் பிற்பகல் கொட்டகையில் எல்லோரும் வண்டிகளை வெளியே எடுத்துக்கொண்டிருந்தோம். என் தொலைபேசி அடித்தது. ஹில்கே. ஸ்பீக்கரில் போட்டேன்.

"வண்டியில கோளாறு!" என்று கத்தினார். "ஓரமா நிறுத்தியிருக்கேன்!"

எனக்கு உயிரே போய்விட்டது. இம்கே பிடுங்கினார். "என்ன கோளாறு? விளக்கு ஏதாவது எரியுதா?"

"எரியலை! முள் நடுவுலதான் நிக்குது! ஆனா என்ஜின் சத்தம் செத்துப்போச்சு! ஓடுது, ஆனா எங்கேயோ அடுத்த ஊர்ல ஓடுற மாதிரிக் கேக்குது! கொஞ்சம் கொஞ்சமாக் குறைஞ்சுட்டே வந்தது! நான் திரும்பிடவா இம்கே? கீழே இறங்கிடவா?"

"ஏன் கத்துறே?"

"என்னது?"

"ஏன் கத்துறேன்னு கேக்குறேன்!"

"கத்துறேனா?"

இம்கே ஒரு நொடி யோசித்தார். "ரோடு எப்படி இருக்கு அங்கே?"

"ஏறிட்டே இருக்கு! வளைஞ்சு வளைஞ்சு ஏறிட்டே இருக்கு, முடியவே மாட்டேங்குது!"

"ஹில்கே, எச்சிலை முழுங்கு."

"என்ன?"

"எச்சிலை முழுங்கு! மூக்கைப் பிடிச்சுட்டு முழுங்கு!"

நாங்கள் ஏழெட்டுப் பேர் மூச்சுவிடாமல் அந்தச் சின்னத் தொலைபேசியைச் சுற்றி நின்றோம். பின்னால் அந்த என்ஜின் ஓடுவது எங்களுக்கே கேட்டது, சீராக, டக்டக்டக் என்று, சாப்பிட்டு முடித்த மாடு மாதிரி.

"ஓ" என்றார் ஹில்கே. இப்போது மெதுவாக. "கேக்குது. காதுதான் அடைச்சிருந்தது, மலையேறினதுல."

வியார்ட் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஃபோல்கர்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டார், சிரிப்பிலா என்று தெரியவில்லை. இம்கே மட்டும் சிரிக்காமல் கேட்டார்: "என்ன பண்ணப் போறே? திரும்புறியா?"

வண்டிக் கதவு திறக்கிற சத்தம் கேட்டது. அவர் இறங்கி நின்றிருக்க வேண்டும். காற்று இரைந்தது.

"இம்கே, மேல இன்னும் பனி இருக்கு. வெயில் அது மேல மட்டும் அடிக்குது" என்றார். அப்புறம் கதவு மூடியது. "வெச்சுடறேன். இன்னும் ஏறணும்."